அரச அலுவலகத்தில் தமிழில் பதில் பெறுவது எப்படி? இலங்கையின் மொழிச் சட்டத்தை நடைமுறையில் பயன்படுத்தும் முறை

பதுளையிலோ புத்தளத்திலோ வசிக்கும் ஒருவருக்குக் கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்திலிருந்து கடிதம் வருகிறது. தலைப்பில் திணைக்களத்தின் பெயர் மூன்று மொழிகளிலும் இருக்கும். அதற்குக் கீழே முழுவதும் சிங்களம். அவர் அதைச் சிங்களம் தெரிந்த அயலவரிடமோ சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்காரரிடமோ கொண்டுபோய் வாசிப்பித்து, பதிலையும் அவரைக் கொண்டே சிங்களத்தில் எழுதுவித்து அனுப்பிவிடுகிறார். காரியம் நடந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த அலுவலகக் கோவையில், இவருக்குச் சிங்களக் கடிதமே போதும் என்பதற்கான சான்று ஒன்று சேர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமிக்கும்படி மேலிடத்துக்கு எழுத விரும்பும் ஓர் அலுவலகத் தலைவர் இருந்தாலும்கூட, தமிழில் கேட்டவர்கள் இத்தனை பேர் என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்காது.

இலங்கையின் மொழிச் சட்டம் ஏட்டளவில் தாராளமானது. அது கேட்காதவருக்குத் தானாக வந்து உதவுவதில்லை என்பதே அதன் பெருங்குறை. ஆகவே எதை, யாரிடம், எந்த உறுப்புரையைக் காட்டி, எப்படி எழுத்தில் கேட்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. தமிழுக்கு நிர்வாகத்தில் இடம் தர ஒப்புக்கொண்டு 1957 ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது; 1958இல் இனக்கலவரம் வெடித்தது; அதே ஆண்டில் நிறைவேறிய தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் பல ஆண்டுகள் ஒழுங்குவிதிகள் இன்றி முடங்கிக் கிடந்தது. இந்த வரலாற்றை அறிந்தவர்களில் பலர், இன்றும் தமிழ் ஒரு சலுகை மொழி என்ற எண்ணத்துடனேயே கருமபீடத்தின் முன் நிற்கிறார்கள். அது பழைய நிலை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று உறுப்புரை 18இல் சேர்த்தது. 1988இன் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தை விரிவாக்கி, நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் சட்டவாக்கத்திலும் எந்த மொழி எப்படிப் பயன்பட வேண்டும் என்று வகுத்தது. உங்கள் கோரிக்கைகள் யாவும் இந்த அத்தியாயத்தின் மீதே நிற்கின்றன.

இதில் உறுப்புரை 22ஐ நன்கு புரிந்துகொள்ள வேண்டும். சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகள் என்று சொல்லிவிட்டு, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பதிவேடுகளும் அலுவல்களும் தமிழிலும், ஏனைய ஏழு மாகாணங்களில் சிங்களத்திலும் நடக்க வேண்டும் என்று அது பிரிக்கிறது. இந்தப் பிரிப்பைக் கேள்விப்பட்டவர்கள், தெற்கில் தமிழுக்கு இடமில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி இதற்கு மாறான உரிமையைத் தருகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள எந்தப் பகுதியிலும், ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொண்டு அலுவல் பார்க்கவும், அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர். பார்வையிடவோ பிரதி பெறவோ சட்டம் அனுமதிக்கும் பதிவேட்டின் பிரதியை அல்லது மொழிபெயர்ப்பைத் தமிழில் பெறலாம். அவருக்கென வழங்கப்படும் ஆவணத்தையும் அவ்வாறே பெறலாம். இம்மூன்றும் தனித்தனி உரிமைகள் என்பதால், எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் பிரித்தே எழுத வேண்டும்.

மூன்றாம் பந்தி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதே உரிமையைத் தருகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் எழுதும் ஒருவருக்குச் சிங்களத்தில் பதில் அனுப்ப அந்த அலுவலகம் கடமைப்பட்டது. தமிழ் உத்தியோகத்தர்களில் சிலர் இதை விரும்புவதில்லை; ஆனால் இந்தக் கடமையைத் தட்டிக்கழிப்பவருக்குத் தெற்கில் இரண்டாம் பந்தியை மேற்கோள் காட்ட என்ன தகுதி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருதி, சில பிரதேச செயலாளர் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி பிரகடனப்படுத்தவும் இதே உறுப்புரை இடமளிக்கிறது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரிவுகள் பல இவ்வாறு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. பின்னர் வேறு மாவட்டங்களின் பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. உங்கள் பிரிவு இப்பட்டியலில் உள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்திலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். இருக்குமானால், அங்கே தமிழும் அந்த அலுவலகத்தின் சொந்த நிர்வாக மொழி. உங்கள் கடிதத்தின் தொனியும் அதற்கேற்ப இருக்கலாம்.

கடிதம் எழுதும் முறை

சிங்களத்தில் வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாசிக்காமல் வைத்தும் விடாதீர்கள். அதில் ஒரு தவணை இருக்கலாம். மொழி உரிமைக்காக நீங்கள் எழுதிய கடிதம் அந்தத் தவணையை நிறுத்திவைக்காது. யாரிடமாவது கொடுத்து உள்ளடக்கத்தை அன்றே அறிந்துகொண்டு, காணி எல்லைக்கோ ஓய்வூதியத்துக்கோ பதில் அளிக்க நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிலைத் தமிழில் அந்நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். மொழி பற்றிய கோரிக்கையை அதே கடிதத்தின் கடைசிப் பந்தியாகச் சேர்ப்பதை விட, தனிக் கடிதமாக எழுதுவதே நல்லது. ஒரே கடிதத்தில் இரண்டும் இருந்தால், காணி விடயத்துக்குப் பதில் வந்து மற்றது மறக்கப்படும்.

கடிதத்தின் மேற்பகுதியில் அவர்களுடைய கடிதத்தில் ‘எனது இல.’ என்று உள்ள இலக்கத்தையும் திகதியையும் அப்படியே எழுத வேண்டும். அந்த இலக்கம் இல்லாத கடிதம் எந்தக் கோவைக்குள்ளும் போகாமல் மேசையிலேயே கிடக்கும். விடயத்தை இப்படி எழுதலாம்:

“மேற்குறித்த இலக்கமுடைய தங்கள் கடிதம் சிங்கள மொழியில் மட்டும் எனக்குக் கிடைத்தது. அரசியலமைப்பின் உறுப்புரை 22(2)இன் பிரகாரம் தங்கள் அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் எனக்கு உரித்துண்டு. ஆகவே அக்கடிதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை அனுப்பிவைக்குமாறும், இனி எனக்கு அனுப்பப்படும் கடிதங்களைத் தமிழிலேயே அனுப்புமாறும், இக்கோரிக்கையை எனது கோவையில் பதிவு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. 1956ஐயும் 1983ஐயும் இந்தக் கடிதத்தில் எழுதுவதால் பயன் இல்லை. கடிதத்தைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு முகாமைத்துவ உதவியாளர். அவருக்குத் தமிழ் தெரியாதிருப்பது அவருடைய குற்றமன்று, அவருக்கு அருகில் தமிழ் தெரிந்த ஒருவரை இருத்தாதது நிறுவனத்தின் குற்றம். உறுப்புரை 25 இந்த அத்தியாயத்தில் கூறப்பட்ட மொழிகளைப் பயன்படுத்தப் போதிய வசதிகளை அரசு அளிக்க வேண்டும் என்கிறது. ஆளில்லை என்ற பதில் வந்தால், அடுத்த கடிதத்தில் அந்த உறுப்புரையின் இலக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை நிறுவனத் தலைவரின் பதவிப் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியுடன் இணைத்து வைக்க வேண்டும். நேரில் கொடுப்பதானால் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை இடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் முத்திரையும் இல்லாத கடிதம் பிற்பாடு எந்த ஆணைக்குழுவுக்கும் பயன்படாது. தமிழில் எழுதினால் காரியம் தாமதமாகும் என்ற அச்சம் நியாயமானதே. அவசரமான விடயத்தில் தமிழ்க் கடிதத்துடன் ஆங்கிலப் பிரதியொன்றை இணைத்து, ‘வசதிக்காக இணைக்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பிடுவது நல்ல நடைமுறை. தமிழ்க் கடிதத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் பதிலும் ஆங்கிலத்திலேயே வரும், அதில் குறை சொல்லவும் முடியாது.

கருமபீடத்தில்

விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். பல திணைக்களங்களில் அது அச்சிடப்பட்டு அலுமாரிக்குள் இருக்கும், கேட்பவர் இல்லாததால் வெளியே வருவதில்லை. முடிந்துவிட்டது என்றால், சிங்களப் படிவத்தையே தமிழில் நிரப்பிக் கொடுக்கலாம். ஏற்க மறுத்தால், மறுப்பவரின் பதவியையும் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே நிறுவனத் தலைவருக்கு எழுத வேண்டும்.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்களில் தனிக் கவனம் தேவை. மலையகத் தோட்டங்களில் பிறந்த பலரின் பெயர்கள் சிங்கள எழுத்தில் பதியப்பட்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, கடவுச்சீட்டில் வேறொரு பெயராக வந்து நிற்கின்றன. தந்தையின் பெயரும் பிள்ளையின் பெயரில் உள்ள முதலெழுத்தும் பொருந்தாமல் போவது வழமை. பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதே தமிழில் பதியும்படி கேட்டு, பெயரைத் தெளிவான எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பதிவாளரிடம் கொடுத்து, கையெழுத்திடுவதற்கு முன் பதிவேட்டின் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால், பிற்காலத்தில் திருத்தத்துக்காகச் சத்தியக்கடதாசியும் பாடசாலைக் கடிதமும் தேடி அலைய நேரும்.

பொலிஸ் நிலையத்தில்

மொழியால் மிக மோசமாகப் பாதிக்கப்படும் இடம் இதுதான் என்பது என் கருத்து. முறைப்பாட்டாளர் தமிழில் சொல்ல, உத்தியோகத்தர் தமக்கு விளங்கிய அளவில் சிங்களத்தில் எழுத, இவர் அதன் கீழ்க் கையெழுத்திடுகிறார். சில மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலத்துக்கும் இவருடைய சாட்சியத்துக்கும் இடையே முரண்பாடு காட்டப்படும்போது, தான் அப்படிச் சொல்லவில்லை என்று நிறுவுவது மிகக் கடினம்.

பொலிஸ் உத்தியோகத்தரும் அரச உத்தியோகத்தரே. உறுப்புரை 22 அவருக்கும் பொருந்தும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி முதலில் கேளுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்று கடமையில் இல்லை என்றால், இயன்றவரை முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி இரண்டு பிரதிகளுடன் போவது சிறந்தது. அதைக் கையளித்து, முறைப்பாட்டுடன் இணைக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் வழியில்லாமல் சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்திட நேர்ந்தால், எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கப்படாவிட்டால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே, “இது எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்டுள்ளது, தமிழில் எனக்கு விளக்கப்படவில்லை” என்று எழுதி, அதன்பின் ஒப்பமிட வேண்டும். இந்த இரண்டு வரிகளை எழுத விடமாட்டேன் என்று ஓர் உத்தியோகத்தர் சொல்வாரானால், கையெழுத்திடாமல் நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேட்பதே முறை.

நீதிமன்றத்தில் உறுப்புரை 24 துணைநிற்கிறது. வழக்கின் தரப்பினர் சிங்களத்திலோ தமிழிலோ வழக்கைத் தொடங்கவும், ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும், நடவடிக்கைகளில் பங்குபற்றவும் உரித்துடையவர். நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசே வழங்க வேண்டும். இதற்குக் கட்டணம் கேட்கப்பட்டால் சட்டத்தரணியூடாக நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். உரைபெயர்ப்பாளர் வரவில்லை என்ற காரணத்தால் வழக்கு தவணைக்கு மேல் தவணையாகப் போவதே இங்குள்ள நடைமுறைத் தொல்லை. முதல் தவணையிலேயே தேவையைப் பதிவு செய்து வைத்தால் அது ஓரளவு குறையும்.

பதில் வராவிட்டால்

இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. மொழி உரிமை மீறலுக்கு எதிராக உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்குச் சமமான மனுவைத் தாக்கல் செய்யலாம். ஆனால் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஒரு மாதம் என்பது நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதி முடிப்பதற்குள் கடந்துவிடும் காலம். எனவே அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பானது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அவ்வாறு செய்த முறைப்பாடு ஆணைக்குழுவின் விசாரணையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கண்டி, பதுளை ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருப்பதால் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

மொழிக்கென்றே உள்ள அமைப்பு அரச கரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, இராஜகிரியவில் இயங்குகிறது. அதே வளாகத்திலுள்ள அரச கரும மொழிகள் திணைக்களத்துடன் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மொழித் தேர்ச்சிப் பரீட்சைகளும் பயிற்சியும் திணைக்களத்தின் வேலை, முறைப்பாட்டை விசாரிப்பது ஆணைக்குழுவின் வேலை. முறைப்பாட்டுடன் சிங்களக் கடிதத்தின் பிரதி, நீங்கள் எழுதிய தமிழ்க் கடிதம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் இணைத்து, நடந்ததைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். ஆணைக்குழு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு, பரிந்துரை வழங்கும். நிறுவனம் அதைச் செயற்படுத்தாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மொழிக் கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் உத்தியோகத்தரைத் தண்டிக்கவும் அதே சட்டத்தில் ஏற்பாடு உண்டு. அதிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: தனி ஓர் எழுதுவினைஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் அந்த அலுவலகத்துக்குத் தமிழ்த் தட்டச்சாளர் கிடைத்துவிடுவதில்லை, இரு சமூகத்தாருக்கும் இடையே கசப்பு மட்டும் கூடும்.

என் பார்வையில் இவை எல்லாவற்றிலும் வேகமாகப் பயன் தருவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது மொழிக்காக இயற்றப்பட்டதன்று. ஆனால் அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் சில கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: உங்கள் அலுவலகத்தில் தமிழில் தேர்ச்சி பெற்ற உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் பதவி அங்கீகரிக்கப்பட்டுள்ளதா, வெற்றிடமாக உள்ளதா, எப்போதிலிருந்து? கடந்த ஆண்டு தமிழில் கிடைத்த கடிதங்களில் எத்தனைக்குத் தமிழில் பதில் அனுப்பப்பட்டது? 14 வேலை நாட்களுக்குள் தகவலை வழங்குவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதற்கும் அப்பால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7/2007ஆம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, 2007 ஜூலை 1க்குப் பின் சேர்ந்த அரச உத்தியோகத்தர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. பின்வந்த சுற்றறிக்கைகள் அதில் மாற்றங்கள் செய்தன. அத்தேர்ச்சியைப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அலுவலகம் கட்டாயம் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஏனெனில் அது அவர்களுடைய சம்பள ஏற்றத்துடனும் பதவி உறுதிப்பாட்டுடனும் தொடர்புடையது. பட்டியலில் தேர்ச்சி பெற்றவர்கள் இருந்தும் உங்களுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்திருந்தால், ஆளில்லை என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

உயர் நீதிமன்றம் வரை போக எண்ணுபவர்கள் கோடீஸ்வரன் வழக்கை அறிந்திருப்பது நல்லது. கேகாலைக் கச்சேரியில் (மாவட்ட அரச செயலகத்தில்) வேலை செய்த தமிழ் எழுதுவினைஞரான அவருக்கு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், 1956ஆம் ஆண்டுச் சட்டமே அன்றைய அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்ற வேறொரு காரணத்தைச் சொல்லித் தீர்ப்பை மாற்றியது. 1969இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை நிராகரித்து, மொழிக் கேள்வியை விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. அது விசாரிக்கப்படுவதற்கு முன் 1972இன் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. இந்த வழக்கு அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், பொதுவான அநீதியைச் சொல்லாமல் குறிப்பிட்ட ஒரு சுற்றறிக்கையால் குறிப்பிட்ட ஒரு சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டதை அது முன்வைத்ததுதான். உங்கள் மனுவும் அப்படியே ஒரு கடிதம், ஒரு திகதி, ஒரு மறுப்பு என்று குறுகலாக இருந்தால், நீதிமன்றம் அதைத் தாண்டிப் போவது கடினம்.

இவை எதுவும் பொருந்தாத இடங்களும் உண்டு. நான்காம் அத்தியாயத்தின் இந்தக் கடமைகள் அரச நிறுவனங்களுக்கும் அரச உத்தியோகத்தருக்கும் உரியவை. தனியார் வங்கி, காப்புறுதி, தொலைபேசி நிறுவனங்களுக்கு எதிராக உறுப்புரை 22ஐக் காட்டி எழுதுவது வீண். அங்கே வாடிக்கையாளர் என்ற நிலையில், தமிழ் ஒப்பந்தப் பிரதி கிடைக்கும்வரை கையெழுத்திடாமல் இருப்பது ஒன்றே கைவசமுள்ள வழி. அரச வங்கிகளை மட்டும் இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்: அவற்றின் கடன் படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டப்பட்டால், மேலே சொன்ன கடிதத்தையே கிளை முகாமையாளருக்கு எழுதி, பிரதியை அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.